குமாஸ்தா மிச்சம் பிடித்த 2 மணி நேரம்

கொல்கத்தா பி.பி.டி. பாக்கில் நிற்கும் சிவப்பு நிற ரைட்டர்ஸ் பில்டிங்குக்கும் எழுத்தாளர்களுக்கும் சம்பந்தம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளநிலை குமாஸ்தாக்களை 'ரைட்டர்' என்று அழைத்தது. கணக்கு எழுதுவதும் கடிதங்களைப் பிரதி எடுப்பதும் அவர்கள் பிழைப்பு. 1777-ல் கட்டத் தொடங்கிய அந்த மாளிகையிலிருந்து மாநிலத் தலைமைச் செயலகம் 2013-ல் ஹவுராவின் நபன்னாவுக்கு மாறியது. பிரதி எடுக்கும் வேலை மட்டும் ஒழியவில்லை. சால்ட் லேக் ஐந்தாவது செக்டாரின் குளிர்சாதன அறைகளில் அது பவர்பாயிண்ட் முன் உட்கார்ந்திருக்கிறது.

மாதக் கடைசி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் மாதத்தின் பெயர் மாற வேண்டும். எக்ஸெல்லில் இருந்து புது எண்கள் வர வேண்டும். தலைப்புகள் ஒரே அளவில், ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஸ்லைடுக்கு 2 நிமிடம் என்றால் 2 மணி நேரம் காலி. நாற்பதாவது ஸ்லைடில் கண் அயர்ந்துவிடும். பழைய மாதத்தின் பெயர் ஏதோ ஒரு மூலையில் தங்கிவிடும். மறுநாள் கூட்டத்தில் மேலதிகாரி கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

பெயரை மட்டும் மாற்ற 'ரீப்ளேஸ்' கட்டளை போதும். சின்னத்தை மாற்ற ஸ்லைடு மாஸ்டர் போதும். இந்த வேலைகளெல்லாம் கலந்து, மாதாமாதம் அதே வரிசையில் வரும்போதுதான் மேக்ரோவுக்கு வேலை. செய்ய வேண்டியதை ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் அதை வரி பிசகாமல் திரும்பச் செய்யும்.

1987-ல் பிறந்த பவர்பாயிண்ட், 1997-ம் ஆண்டுப் பதிப்பில் விஷுவல் பேசிக் என்ற நிரல் மொழியைப் பெற்றது. செய்வதைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்ளும் ரெக்கார்டர் எக்ஸெல்லில் இன்றும் உண்டு. பவர்பாயிண்ட்டில் 2007 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். அதனால் கையால்தான் எழுத வேண்டும். ஆல்ட்-எஃப்11 விசைகளை அழுத்தினால் நிரல் எழுதும் பலகை திறக்கும். 'ஒவ்வொரு ஸ்லைடாகப் போ. அதில் உள்ள ஒவ்வொரு பெட்டியாகப் பார். எழுத்து இருந்தால் மாற்று' என்பதே மேக்ரோவின் எலும்புக்கூடு. 'எழுத்து இருந்தால்' என்ற நிபந்தனையை விட்டுவிட்டால், முதல் படம் வந்த இடத்திலேயே மேக்ரோ தடுமாறி நின்றுவிடலாம்.

இயந்திரத்திடம் வேலையை ஒப்படைப்பது பற்றி இந்த நகரம் அளவுக்கு வாதம் செய்த நகரம் இந்தியாவில் வேறில்லை. நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1956-ல் இயங்கத் தொடங்கியது இங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில்தான். அடுத்த பத்தாண்டில், ஆயுள் காப்பீட்டுக் கழகம் தன் இலாகோ ஹவுஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் நிறுவ முனைந்தபோது, ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்து தடுத்தார்கள். 1983-ல் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் உடன்பாட்டுக்கு வந்த பிறகுதான் வங்கிகளில் இயந்திரமயமாக்கலுக்கு வழி பிறந்தது.

அந்தக் காவலைப் பழமைவாதம் என்று கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பத்துப் பேர் வேலையை இயந்திரம் செய்தால், அந்தப் பத்துப் பேர் என்ன ஆவார்கள்? மேக்ரோ அதே கேள்வியைச் சின்ன அளவில் கேட்கிறது. மிச்சமான 2 மணி நேரம் யாருக்குச் சொந்தம்? அன்று இயந்திரத்தை வாங்கியது நிர்வாகம்; இன்று அதை எழுதுகிறவர் ஊழியரே. ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவதா, இன்னொரு அறிக்கை தலையில் விழுவதா என்பது மட்டும் அவர் கையில் இல்லை. எழுதிய மேக்ரோவை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று இதிலிருந்து புரியும்.

அந்த ரகசியத்துக்கும் விலை உண்டு. எழுதியவர் வேலை மாறிப் போனால், அது எப்படி இயங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. மனிதன் ஓரிடத்தில் செய்யும் தவறை மேக்ரோ அறுபது இடத்தில் செய்யும், அதுவும் களைப்பே இல்லாமல்.

வெளியிலிருந்து வரும் ஆபத்து வேறு. 1999 மார்ச்சில் 'மெலிஸா' என்ற வைரஸ் வேர்டு கோப்பின் மேக்ரோவில் ஒளிந்து வந்தது. முகவரிப் பட்டியலின் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அனுப்பி உலகைச் சுற்றியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. மேக்ரோ உள்ள கோப்புக்கு 'பிபிடிஎம்' என்று தனிப் பின்னொட்டும் உண்டு. அறிமுகமில்லாத ஆள் அப்படி ஒன்றை அனுப்பினால் திறக்காமல் விடுவதே நல்லது.

சொந்தமாக எழுதுகிறவர்களுக்குப் பழைய குமாஸ்தாவின் ஒழுங்கே போதும். அசலைத் தொடாமல் நகலில் ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் நாலைந்து ஸ்லைடைக் கண்ணால் சரிபாருங்கள். எதற்காக எழுதியது, எப்போது எழுதியது என்று மேக்ரோவின் தலையிலேயே நாலு வரி எழுதி வையுங்கள். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் அதைத்தான் முதலில் தேடுவார்.