மூன்று நாட் கொழும்பு

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இம்முறை கொழும்பு பார்க்கப் போகவேண்டும்" என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். தந்தையார் பணப்பையை நினைத்துப் பெருமூச்சு விடுவார். தாயார் ஒன்றும் பேசமாட்டார். அவர் ஏன் பேசுவதில்லை என்பதை அண்மையிலேதான் நாம் அறிந்துகொண்டோம்.

எமக்கு அறிமுகமான குடும்பமொன்று கொழும்பிலே மூன்று நாட்கள் தங்கித் திரும்பியிருந்தது. ஒன்பது வயதுச் சிறுவனிடம், "கொழும்பிலே என்ன கண்டாய்?" என்று வினவினோம். "தானாகவே ஏறும் படிக்கட்டுக் கண்டேன், மூன்று முறை ஏறினேன்" என்றான். வேறென்ன என்று கேட்டதற்குச் சற்று யோசித்து, "மாமா வீட்டில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது" என்றான். அவனுடைய தாயாரிடமும் அதே கேள்வியைக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இங்கே ஓர் அடுப்பங்கரை, அங்கே ஓர் அடுப்பங்கரை. இடையிலே ஒரு புகையிரதம்."

அச்சிரிப்பு எம்மை வெகுநேரம் வருத்தியது. ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் பயணஞ்செய்து, சேமித்த பணத்தையெல்லாம் செலவிட்டு, ஒரு மகன் கண்டது கடையின் படிக்கட்டு. ஒரு தாய் கண்டது பிறர் வீட்டு அடுப்பு. இது பணக்குறைவினால் வந்த குறையன்று. புறப்படுமுன் கூடியிருந்து திட்டமிடாமையால் வந்த குறையே. ஆகவே இவ்வாரம் அத்திட்டத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலிலே காலத்தைக் கணக்கிட வேண்டும். இரவுப் பயணஞ்செய்து காலையில் நகரை அடைந்து, மூன்றாம் நாள் இரவு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். மூன்று பகல்கள் என்றால் ஆறு அரைப்பகல்கள். இவற்றுள் ஒன்று களைப்பு நீங்கக் குளித்து உறங்குவதற்குப் போகும். ஒன்றை உறவினருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கொழும்புக்கு வந்து எட்டிப் பார்க்காமற் போய்விட்டார்கள் என்ற சொல் பத்து வருடம் நிலைக்கும். ஒன்று கடைவீதிக்கு. எஞ்சுவன மூன்றே மூன்று. ஊர் பார்க்க நமக்குக் கிடைப்பவை அவ்வளவுதான். இந்த மூன்றையும் காப்பாற்றிக்கொள்ளும் குடும்பமே கொழும்பு பார்த்த குடும்பமாகும்.

மூன்றுக்குள் முப்பது இடங்களைத் திணிக்க முயல்வது வீண். நாமே ஒருமுறை அப்பிழையைச் செய்தோம். காலையிலே மிருகங்கள், நண்பகலிலே நூதனசாலை, பிற்பகலிலே கோயில், மாலையிலே கடல் என்று ஓடினோம். கடற்கரையை அடைந்தபொழுது இளைய பிள்ளை தோளிலே உறங்கிவிட்டது. மூத்த பிள்ளை செருப்புக் கடித்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சூரியன் மறைந்ததை ஒருவரும் காணவில்லை. அரைப்பகலுக்கு ஒரு திசை, ஒரு திசைக்கு இரண்டு இடம் என்பதே அன்றிலிருந்து எமது விதி.

முதல் அரைப்பகலைக் காலிமுகத்திடலுக்கும் கோட்டைக்குமாக ஒதுக்கலாம். முதல்நாட் பிற்பகலில், வெயில் தணிந்தபின் செல்வது நன்று. கோட்டையிலே ஒரு வீதியின் நடுவே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1857ஆம் ஆண்டில் மணிக்கூடாக எழுந்த அக்கோபுரம், 1867இல் வெளிச்சவீடாகவும் ஆயிற்று. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் கடலை மறைத்துவிட்டமையால் 1952இல் அதன் விளக்கு அணைந்தது. ஊருக்கு நடுவே ஒரு வெளிச்சவீடு ஏன் நிற்கிறது என்று பிள்ளையையே கேட்டுவிட்டு, விடை சொல்ல அவசரப்படாமல் இருங்கள். நகரம் எப்படி வளர்கிறது என்பதை அக்கேள்வி ஒரு பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகக் கற்பிக்கும்.

அங்கிருந்து காலிமுகத்திடல் வெகுதூரமன்று. மட்டக்களப்புப் பிள்ளையும் திருகோணமலைப் பிள்ளையும் கடலிலிருந்து சூரியன் எழுவதையே கண்டு வளர்ந்தவர்கள். அது கடலுக்குள் இறங்குவதை அவர்கள் இங்கேதான் காணவேண்டும். பதுளையிலிருந்தும் அட்டனிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கோ கடலே ஒரு புதுமை. அவர்களை அரைமணி நேரம் ஒன்றுஞ் சொல்லாமல் நிற்கவிடுங்கள். காற்றாடியும் இறால் வடையும் பின்னர் வரட்டும்.

இரண்டாவது அரைப்பகல் கருவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலைக்கு உரியது. காலை வேளையே ஏற்றது. மனமும் கால்களும் புதிதாயிருக்கும். தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பட்ட இவ்வெண்ணிற மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெரியார். எல்லா அறைகளையும் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். இரண்டு பொருள்களைத் தேடிக் காண்பதாக முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

ஒன்று, கண்டி மன்னரின் சிம்மாசனம். 1693இல் ஒல்லாந்த தேசாதிபதி இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த பரிசு அது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1934இல் திரும்பி வந்தது. மற்றொன்று, காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடலோடி செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு இங்கே கொணர்ந்து நிறுத்திய கல் அது. சீனத்திலே புத்தபிரானுக்கும், பாரசீகத்திலே இஸ்லாமியரின் இறைவனுக்கும், தமிழிலே தெய்வந்துறைக் கோயிலின் தேனாவரை நாயனாருக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் தூரதேசத்தான் ஒருவன் இத்தீவின் தென்கரையிலே பேசவேண்டிய மொழிகளுள் ஒன்று தமிழ் என்று அறிந்து வந்திருக்கிறான். இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல வேறொரு வழிகாட்டி தேவையில்லை. அந்தக் கல்லே போதும்.

வெளியே வந்ததும் அருகிலுள்ள விகாரமகாதேவி பூங்காவின் மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். எதிரே நகரமண்டபத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். மாணவர்கள் இருப்பின் பக்கத்திலுள்ள பொது நூல்நிலையத்தையும் காட்டலாம். பிற்பகல் உறவினருக்கு.

மூன்றாவது அரைப்பகலுக்குப் புறக்கோட்டையையும் கொட்டாஞ்சேனையையும் சொல்வோம். காலையிலேயே செல்க, உச்சிப்பொழுதிலே கோயில்களின் நடை சாத்தப்பட்டுவிடும். கொட்டாஞ்சேனையிலுள்ள பொன்னம்பலவாணேசர் ஆலயம் சேர். பொன்னம்பலம் இராமநாதனால் முழுவதும் கருங்கல்லாலே புதுப்பிக்கப்பட்டு 1912இல் நிறைவுற்றது. கற்றூண்களைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கட்டும். அண்மையிலே கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அங்கே நிகழ்ந்த கொடுமையை மறத்தல் இயலாது; எம்மதத்தவராயினும் ஒரு கணம் நின்று செல்லுங்கள். ஆடிவேல் புறப்படும் செட்டியார் தெருவிலே முருகன் கோயில்களும் நகைக்கடைகளும் தோளோடு தோள் நிற்கின்றன. சிறிது தூரத்திலே, 1909இல் கட்டிமுடிந்த செங்கோடிட்ட பள்ளிவாசல். உல்ஃபெண்டால் மேட்டிலே 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம். நான்கு சமயத்தாரின் உலகம் இவ்வளவு நெருக்கத்திலே வேறெங்கே காணக்கிடைக்கும்?

அன்று பிற்பகலே கடைவீதிக்கு உரியது. புறக்கோட்டையும் புகையிரத நிலையமும் அருகருகே இருப்பதனால் சாமான்களுடன் நகரைச் சுற்றவேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையாதவாறு பார்த்துக்கொள்க. அன்று பல கடைகள் பூட்டியிருக்கும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருப்பின், இக்காலைப் பொழுதை விட்டுத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் செல்லலாம். 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள். ஏறுவது பணத்தைப் பொறுத்தது. பார்ப்பதற்குக் காசு வேண்டாம், நகரின் எப்பக்கத்திலும் அது தெரியும்.

இனிச் சில சிறு குறிப்புகள். புகையிரத சேவை உண்டா, நேரம் யாது என்பதை விசாரித்து, இருக்கைகளை முற்பதிவு செய்தபின்பே உறவினருக்கு அறிவியுங்கள். போயா தினங்களிலும் அரச விடுமுறைகளிலும் செல்ல நினைக்கும் இடம் திறந்திருக்குமா என்று முதலிலே கேட்டறிக. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் நகரமே வெறிச்சோடிக் கிடக்கும். அம்மாதத்திலே பிற்பகல் இடிமழை வழக்கமாதலால் வெளியிடங்களைக் காலையிலே முடித்துக்கொள்க. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்த உறவினர் உடனிருப்பின், வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் பல இடங்களில் அதிகம் என்பதைக் கணக்கிலே சேருங்கள். உள்ளூரவர் அடையாள அட்டையை மறவாதிருத்தல் நன்று.

நகருக்குள்ளே போக்குவரத்துக்கு முச்சக்கர வண்டிதான் வேண்டுமென்பதில்லை. கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று செல்லும் கரையோரப் புகையிரதத்திலே வலப்பக்க யன்னலோரம் பிள்ளையை இருத்துங்கள். அவ்வளவு குறைந்த கட்டணத்தில் அவ்வளவு கடலை வேறு எவரும் விற்பதில்லை.

இவ்வளவும் எழுதியபின், தந்தையார்களோடு ஒரு வார்த்தை தனியே பேசவேண்டியிருக்கிறது. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பலருக்குக் கொழும்பு என்பது காட்சிக்குரிய நகரமன்று. 1983ஐக் கண்டவர்களும், கேட்டு வளர்ந்தவர்களும் உண்டு. போர்க்காலத்திலே வந்தவர்களுக்கு அது சோதனைச்சாவடி, பொலிஸ் பதிவு, விடுதியின் சிற்றறை, வெளிநாட்டுப் பத்திரத்துக்கான காத்திருப்பு. 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இலேதான் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிலே வளர்ந்த ஒருவர், "கொழும்பிலே பார்க்க என்ன இருக்கிறது, அலுவலை முடித்தோமா, திரும்பினோமா" என்று சொல்வாராயின், அவர்மீது குறைகாண எமக்கு மனம் வரவில்லை.

ஆனால் பிள்ளை அந்த அறையிலே தங்கியவனல்லன். நீங்கள் நின்ற இடத்தைக் கடக்கும்போது, "இங்கேதான் நான் ஒருநாள் நின்றேன்" என்று சொல்லுங்கள். அவன் அதனை அறியவேண்டும். சொல்லிய பின், அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நூதனசாலைக்கும் நடந்து செல்லுங்கள். தந்தையின் நினைவு மாத்திரம் மகனுக்குக் கொழும்பாகிவிடக்கூடாது. அந்நகரத்தின் கல்லிலே தன் மொழியும் இருக்கிறது என்று அவன் தன் கண்ணாலே கண்டு திரும்பட்டும்.

இறுதியாக, முதலிலே சொன்ன தாயாரிடம் திரும்புவோம். உறவினர் வீட்டிலே தங்குவது நம் வழக்கம். அதனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று அரைப்பகல்களிலும் வீட்டுத் தலைவி அடுப்பங்கரைக்குள் நுழைவதில்லை என்று புறப்படுமுன்னரே எல்லாரும் உடன்படுங்கள். ஒருவேளை உணவைக் கடையிலே வாங்குவதாலோ, பாணும் வாழைப்பழமுமாக முடிப்பதாலோ குடும்ப மானம் போய்விடாது. பிள்ளைகள் தம் துணிகளைத் தாமே துவைக்கட்டும். தந்தையார் தேநீர் தயாரிக்கட்டும்.

காலிமுகத்திடலிலே ஒரு சிறு கல் இருக்கிறது. 1856இல் தொடங்கி 1859இல் அத்திடலை நிறைவேற்றிய தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டு நிறுத்திய கல் அது. அன்று அவர் எந்தப் பெண்களை நினைத்தாரோ நாம் அறியோம். ஆயினும் கல் கல்லாகவே நிற்கிறது; அதன் வாசகத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கும் பங்குண்டு. அக்கல்லின் அருகே ஒரு மாலைப்பொழுதில் அந்தத் தாயார் இருக்கட்டும். ஒரு கோப்பைத் தேநீரை மற்றொருவர் வாங்கிவந்து அவர் கையிலே கொடுக்கட்டும். சூரியன் கடலுக்குள் இறங்கி முடியும்வரை, "புறப்படுவோமா?" என்று ஒருவரும் கேளாதிருங்கள்.