அப்பாவுக்கு சுகர் இருக்கு, அதனால காரைக்குடிக்கு கூட்டிட்டுப் போங்க

பிரான்ஸ்ல போர்தோன்னு ஒரு சீமை இருக்கு. அட்லாண்டிக் கடல் பக்கம், ஊர் ஊரா திராட்சைத் தோட்டம். அங்க ஜனங்க ரெண்டு மூணு நாள் போய்த் தங்குறாங்க. பத்து இடம் சுத்திப் பார்க்குறதுக்கு இல்லை. நிதானமா சாப்பிட, பழைய வீட்டுல தூங்க, சாயங்காலம் கொஞ்சம் நடக்க. "நம்ம ஊர்ல அப்படி ஒரு இடம் இருக்கா டாக்டர்?"னு வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வர்றவங்க கேட்பாங்க.

இருக்கே மக்களே. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்கள்ல பரவிக் கிடக்குற சுமார் 75 ஊர்கள். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், தேவகோட்டை... நம்ம செட்டிநாடு.

ஒயின் கிடையாது. அதுல எனக்கு துளியும் வருத்தம் இல்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமே 2023-ல தெளிவா சொல்லிடுச்சு. (நம்ம ஊர்ல 'ஒயின்ஸ்'னு போர்டு மாட்டின கடைகள்ல ஒயினைத் தவிர மத்ததுதான் ஓடுச்சுங்கறது வேற கதை.) கடல் வேணும்னா தேவகோட்டை வழியா கிழக்கே போனா தொண்டி வந்துடும். காரைக்குடியில கடல் இல்லை, ஆனா இலையில நண்டு, இறால், சுறா எல்லாம் இருக்கும்.

சரி, இந்த இழை எதுக்குன்னு சொல்றேன். ஒரு குடும்பம் செட்டிநாடு டூர் போடுது. வீட்டுல அப்பாவுக்கு 65 வயசு, பத்து வருஷமா சுகர். ரெண்டுல ஒண்ணு நடக்குது. "அங்க எல்லாமே பணியாரமும் குழம்பும்தான், நீங்க எதையும் சாப்பிட முடியாது"ன்னு அவரை வீட்டுலயே விட்டுட்டுப் போறாங்க. இல்லைன்னா கூட்டிட்டுப் போய், "ரெண்டு நாள்தானே, மாத்திரைக்கும் லீவு விடுங்க"ன்னு சொல்லிடுறாங்க. ரெண்டுமே எனக்குப் பிடிக்காத விஷயம். முதலாவது அவரை மனசளவுல நோயாளி ஆக்கும். ரெண்டாவது நிஜமாவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

என் கருத்து: கூட்டிட்டுப் போங்க. சாப்பிட விடுங்க. ஆனா ஒரு நாள்ல ஓடி வராதீங்க, ரெண்டு ராத்திரி தங்குங்க.

முதல்ல சாப்பாடு. ஹைவே ஓரத்துல 'செட்டிநாடு'ன்னு போர்டு வச்சு, எண்ணெய் மிதக்க செக்கச்செவேல்னு தர்ற குழம்பை வச்சு அந்தச் சமையலை எடை போடாதீங்க. அந்த வீட்டுச் சமையலோட பலமே மசாலா வாசம்தான். மிளகு, சோம்பு, அன்னாசிப்பூ, மராத்தி மொக்கு, கல்பாசி. கல்பாசிங்கறது பாசி இல்லை, பாறையிலும் மரத்திலும் வளர்ற லைக்கன். அரிசி கழுவின தண்ணியில காய்களைப் போட்டு புளி சேர்த்து வைக்குற மண்டியைச் சாப்பிட்டுப் பாருங்க. சுகர்காரங்க தயங்காம ரெண்டாவது கரண்டி வாங்கலாம்.

அடுத்து கவுனி அரிசி. பர்மாவோட வியாபாரம் பண்ணின நகரத்தார் வழியா நம்ம பக்கம் வந்த கறுப்பு அரிசி. இப்ப இதை "சுகருக்கு மருந்து"ன்னு வாட்ஸ்அப்ல விக்குறாங்க. மருந்து இல்லைங்க. அதன் தவிட்டில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது, நார்ச்சத்தும் இருக்கிறது, உண்மை. ஆனால் இது ஒட்டும் ரகம். அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து அதிகம் இருப்பதால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும். அதோட சீனி, நெய், தேங்காய்ப்பூ வேற. அது பலகாரம். பலகாரம்னு தெரிஞ்சு ரெண்டு ஸ்பூன் ரசிச்சுச் சாப்பிடட்டும். மருந்துன்னு நம்பி ஒரு கிண்ணம் சாப்பிட வேண்டாம். பால் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம் எல்லாத்துக்கும் இதேதான். ஒரு வேளைக்கு ஏதாவது ஒண்ணு. ரெண்டு ராத்திரி தங்கச் சொல்றதே அதுக்குத்தான், ஒரே இலையில எல்லாத்தையும் முடிக்க வேண்டிய அவசரம் இல்லையே.

இலையில முதல்ல இனிப்பு வைப்பாங்க. அது அங்கேயே இருக்கட்டும். காய், மண்டி, கோழி, மீன் முதல்ல. சோறு அப்புறம், கொஞ்சமா. இனிப்பு கடைசியா. இந்த வரிசையில சாப்பிட்டா சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சுகர் குறையுது. பிபி இருக்கிறவங்க ஊறுகாய், வத்தல், அப்பளத்துல கை வைக்குறதுக்கு முன்னாடி யோசிங்க. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள்ளதான் இருக்கணும்.

இப்ப யாரும் பேசாத ஆபத்து. சாப்பாட்டு டூர்னா சுகர் ஏறும்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க. நான் அதிகம் பயப்படுறது இறங்குறதைப் பார்த்து.

காலையில 8 மணிக்கு ரெண்டு இட்லி, கிளிமிபிரைடு மாத்திரை இல்லைன்னா இன்சுலின். "மத்தியானம் விருந்து இருக்கு, வயித்தை காலியா வச்சுக்குவோம்." ஆத்தங்குடியில டைல்ஸ் போடுறதைப் பார்த்து, கானாடுகாத்தான் அரண்மனை வாசல்ல போட்டோ எடுத்து, முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பொருள் கடைகளை அலசி முடிக்க மணி 3. அப்பா காருக்குள்ள வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சம்பந்தமில்லாம பேசிக்கிட்டு இருப்பார். "வெயில்ல அலைஞ்ச களைப்பு"ன்னு நினைப்பீங்க. அது ஹைப்போகிளைசீமியா, அதாவது தாழ் சர்க்கரை. மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாருங்க, 70-க்குக் கீழேயே இருந்தா திரும்பக் கொடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

இதைத் தவிர்க்குறது சுலபம். பல மரபு விடுதிகள்ல விருந்துச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லணும். சொல்லும்போதே 12:30, 1 மணின்னு நேரம் குறிச்சுடுங்க. அப்பாவோட நேரத்துக்கு டூர் நடக்கட்டும். டூர் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட மருந்து அளவு பத்தி ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இன்சுலினை வெயில்ல நிறுத்தின காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க, கெட்டுப் போயிடும்.

அப்புறம் கால். பிள்ளையார்பட்டி, குன்றக்குடின்னு கோயில் லிஸ்ட் எப்படியும் இருக்கும். நீண்ட நாள் சுகர் இருக்கிறவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், நியூரோபதி. உச்சி வெயில்ல கல் பிரகாரத்துல நடந்தா உங்களுக்குச் சுடும், துள்ளி நிழலுக்கு ஓடுவீங்க. அவருக்குச் சுடவே சுடாது. ராத்திரி ரூம்ல பார்த்தா பாதம் முழுக்க கொப்புளம். அது புண்ணாகி விரலை எடுக்குற அளவுக்குப் போகலாம். கோயிலுக்கு காலையில 8 மணிக்குள்ள போயிடுங்க, காட்டன் சாக்ஸ் போட்டு விடுங்க, தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்க. சித்திரை, வைகாசியில போகாதீங்க. மார்கழி, தை அருமையா இருக்கும்.

மத்தியானம் 2 மணியில இருந்து 4 மணி வரைக்கும் எங்கேயும் போக வேண்டாம். அந்த வீடுகளைப் பாருங்க, நடுவுல திறந்த முற்றம், சுத்தி பர்மா தேக்குத் தூண், கீழே ஆத்தங்குடிக் கல். காத்து அதுபாட்டுக்கு வரும். தூங்கட்டும். எழுந்ததும் பேரன் பேத்தியோட அந்த அகலமான, ஆள் இல்லாத தெருவுல 15 நிமிஷ நடை. பூட்டிக் கிடக்குற வீடுகளைப் பார்த்து அவர் ஆயிரம் கதை சொல்வார். விடுமுறைன்னு நான் எழுதித் தர்ற மருந்துச் சீட்டுல இதுதான் முக்கியமான வரி.

கடைசியா, சென்னைக்காரங்களுக்கு. 400 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுட்டு காரை எடுத்து விடியறதுக்குள்ள வீடு சேருறேன்னு கிளம்பாதீங்க. நடு ராத்திரிக்கு மேல, குறிப்பா 2 மணிக்குப் பிறகு, எவ்வளவு காபி குடிச்சாலும் மூளை தூக்கத்துக்குத்தான் போகும். பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியில இருந்தே கிளம்புது. அப்பாவுக்கு லோயர் சீட்டு சண்டையும் கிடையாது, உட்கார்ந்து போற பகல் வண்டி.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க, பதில் சொல்றேன். "நான் எத்தனை யூனிட் போடணும்"ங்கற கேள்வியை மட்டும் உங்களைப் பார்க்குற டாக்டர்கிட்ட கேளுங்க.