கன்பூசியஸை வெட்டினது ஆர்?

போன வாசிப்பு வட்டத்தில ஒரு தோழர் சொன்னது இன்னும் என்னைக் குடையுது. "மேற்கின் தனிமனிதவாதத்துக்கு மாற்று கிழக்கில இருக்கு. சீனர்களைப் பாருங்கோ. பெரியவைக்கு மரியாதை, குடும்ப அறம், எல்லாம் கன்பூசியஸ் தந்தது. அதுதான் காலனிய எதிர்ப்பு" எண்டார். நிறையப் பேர் தலையாட்டிச்சினம். நானும் பேசாம இருந்திட்டன். அதுக்குத்தான் இப்ப எழுதுறன்.

முதலில், எந்தக் கன்பூசியஸ்? ஆட்சியாளருக்குக் குடிகளும், தந்தைக்கு மகனும், கணவனுக்கு மனைவியும் அடங்க வேண்டும் என்ற 'மூன்று பிணைப்புகள்' அவருடைய உரையாடல் தொகுப்பில் இல்லை. அது கன்பூசியக் கோட்பாடாக நிலைபெற்றது, அவர் இறந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஹான் பேரரசின் காலத்தில். பேரரசுக்கு அது தேவைப்பட்டது.

அதே மரபில் வந்த மென்சியஸ், அறத்தை அழிக்கும் மன்னன் மன்னனே இல்லை, அவனைக் கொல்வது ராஜத் துரோகம் ஆகாது என்று வாதிட்டவர். மிங் வம்சத்தை நிறுவிய பேரரசருக்கு இது பிடிக்கவில்லை. 1394இல் மென்சியஸ் நூலிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளை வெட்ட வைத்தார். மேலே இருப்பவரின் கடமை போனது. கீழே இருப்பவரின் பணிவு மிஞ்சியது. 'மரபு' எண்டு நாங்கள் கொண்டாடுறது அந்த மிச்சத்தைத்தான்.

இண்டைக்கும் அதே வேலைதான் நடக்குது. வயது வந்த பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று 2013இல் சீனாவில் சட்டம் வந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு ஷென்ஜென் தொழிற்சாலையில் நிற்கும் தொழிலாளிக்கு லீவு ஆர் குடுக்கிறது? கிராமத்து முதியவருக்கு அரசு தரும் ஓய்வூதியம் மிகச் சொற்பம். அந்தக் குறையைப் பிள்ளையின் குற்றவுணர்வைக் கொண்டு நிரப்பப் பார்க்கிறார்கள். 2015 மார்ச்சில், பேருந்துகளில் நடக்கும் பாலியல் சேட்டைக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டத் திட்டமிட்ட ஐந்து பெண்ணியவாதிகளை அதே அரசு 37 நாட்கள் அடைத்து வைத்தது.

தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற சிங்கப்பூரிலும் இதே கதை. 1984இல் கன்பூசிய நெறி பள்ளிப்பாடமாக வந்தது. 1987இல், 'மார்க்சியச் சதி' என்று சொல்லி 22 பேரை விசாரணையின்றிச் சிறைப்பிடித்தார்கள். 1991இல், தனிமனிதனுக்கு மேலே சமூகம், சச்சரவுக்குப் பதில் இணக்கம் என்று 'பகிர்ந்த விழுமியங்கள்' அரசு ஆவணமாகவே வந்தன. இணக்கம் எண்டா ஆர் வாயை மூடுறது எண்டு இப்ப விளங்குதா?

"அப்ப அம்மா அப்பாவைப் பார்க்கக் கூடாதோ?" எண்டு கேப்பீங்கள். பார்க்கத்தான் வேணும். எங்கட வீட்டில அம்மம்மாவை எட்டு வருசம் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தினது அம்மா. இரவு வேலைக்கும் போய்க்கொண்டு. செத்தவீட்டில 'பாசமான பிள்ளை' எண்டு பேர் எடுத்தது மாமா. பராமரிப்பு எனக்குப் பிரச்சினை இல்லை. அதை ஒருத்தியின் தலையில கட்டிப்போட்டு 'அறம்' எண்டு பேர் வைக்கிறதுதான் பிரச்சினை.

இதை முதலில் சொன்னது மேற்கத்தைய ஆக்களும் இல்லை. 1907இல் டோக்கியோவில், எங்களைப் போலப் புலத்தில் இருந்த ஹ யின் ஜென் என்ற இளம் சீனப் பெண், 'தியன்யி' என்ற இதழை நடத்தினார். தாயின் குடும்பப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். கன்பூசியப் படிப்பு பெண்களை எப்படி அடிமையாக்கியது என்று எழுதினார். கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் பகுதிகள் 1908இலேயே சீன மொழியில் வந்தது அந்த இதழில்தான். அவவும் கிழக்குத்தான், தோழர். அவவை ஏன் உங்கட 'கிழக்கில' சேர்க்கேல்ல?

அடுத்த வட்டத்தில ஹ யின் ஜென்னை வாசிப்பம். அண்டைக்குத் தேத்தண்ணி ஊத்துறதும் கோப்பை கழுவுறதும் ஆண் தோழர்கள்.