மூச்சும் குளிசையும்



சென்ற வருடம் நான் செய்த ஒரு மடைத்தனத்தை இம்மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எட்டு வருடங்களாக எனக்குப் பிரஷர் இருக்கிறது. தினமும் காலையில் ஒரு குளிசை. சென்ற வருடம் எங்கள் ஊரில் நடந்த பிராணாயாம வகுப்பிற் சேர்ந்தேன். மூன்று வாரத்தில் நல்ல நித்திரை வந்தது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதும் குறைந்தது. “இனிக் குளிசை எதற்கு?” என்று நானே முடிவெடுத்து நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்தின் பின் கிளினிக்கில் அளந்தபோது 180/110! தலையிடியோ மயக்கமோ எதுவும் இருக்கவில்லை. இந்த நோயின் பொல்லாத குணமே அதுதான்.

டாக்டர் அம்மா ஏசவில்லை. “மூச்சுப் பயிற்சியையும் விடாதேங்கோ, குளிசையையும் விடாதேங்கோ” என்றார்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். பிராணாயாமத்தை விஞ்ஞான முறையில் ஆராயவென சுவாமி குவலயானந்தர் 1924இலேயே இந்தியாவின் லோனாவ்லாவில் நிலையம் அமைத்தார். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்றில் 23 பேர் இலத்தீன் ஜெபமாலையையும் யோக மந்திரத்தையும் உச்சரித்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாகக் குறைத்தன. இரத்த அழுத்தம் ஏறி இறங்கும்போது உடல் தானே அதைச் சீர்செய்யும் ஆற்றலும் கூடியது. மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்று மெதுவாக்குகிறது. நீண்ட வெளிமூச்சு மனதை ஆற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், “பிராணாயாமம் இரத்தத்தில் ஒட்சிசனைப் பெருக்கும்” என்று பலரும் சொல்வது அவ்வளவு சரியல்ல. சுகதேகியின் இரத்தத்தில் ஒட்சிசன் ஏற்கெனவே 95 வீதத்துக்கு மேல் நிறைந்திருக்கிறது. பயன் மூச்சின் நிதானத்திலேயே இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய எளிய முறை இது. நிமிர்ந்து இருந்து, மூக்கினால் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை ஆறுதலாக விடுங்கள். 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளும், பிரஷர், இருதய நோய் உள்ளவர்களும் மூச்சை அடக்குவதையும் கபாலபாதி போன்ற வேகமான பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். எந்த மருந்தையும் டாக்டரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

இப்போது காலையில் எனக்கு முதலில் மூச்சு, பிறகு குளிசை, அதன் பிறகுதான் தேத்தண்ணீர். போன மாதம் அளந்தபோது 130/80. இரண்டில் எது குறைத்தது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டையும் விடுவதாயில்லை.