இலவசம் என்றாலும் ஏன் வரவில்லை?

கண்ணில் புரை விழுந்துவிட்டது. எதிரே வருகிறவர் யார் என்று தெரியவில்லை. "பணம் வேண்டாம், ஆபரேஷன் செய்கிறோம்" என்று டாக்டர்கள் அழைக்கிறார்கள். அப்படியும் பாட்டி வீட்டைவிட்டு நகரவில்லை!

அறியாமை என்று சொல்லிவிடலாம். படித்தவர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது சரியல்ல.

மதுரையில் அரசாங்க டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் கோ.வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஆபரேஷன் செய்தவர். 1976-ல், 58-வது வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் நடந்தது. ஆபரேஷன் இலவசம். இருந்தும், பார்வை மங்கியவர்கள் பலர் வரவில்லை.

வீடு தேடிப் போனார்கள்

வராதவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. பஸ்சுக்குக் காசு இல்லை. போன இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? துணைக்கு மகன் வந்தால் அவன் கூலி போய்விடும். கத்தி என்றால் பயம். "வயசாச்சு, இனிமேல் பார்த்து என்ன ஆகப்போகுது?" என்ற எண்ணம் வேறு.

ஆபரேஷன் இலவசம்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் வருவது இலவசம் அல்லவே!

முறை மாறியது. முகாமில் இருந்தே பஸ்சில் ஏற்றிச் சென்றார்கள். சாப்பாடு போட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தும் விட்டார்கள். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போனதால் பயமும் குறைந்தது. கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் பலர் வாங்குவதில்லை. கடை டவுனில் இருக்கிறது. ஆகவே முகாமிலேயே கண்ணாடி தயாரித்து மாட்டிவிட்டார்கள்.

நான்கு கட்டம்

இந்த மாதிரி வேலைக்கு இப்போது 'எம்பதி மேப்பிங்' என்று பெயர். டேவ் கிரே என்ற அமெரிக்கர் பரப்பிய முறை. ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போடவேண்டும். ஒருவர் சொல்வது என்ன, நினைப்பது என்ன, செய்வது என்ன, மனம் படும் பாடு என்ன என்று எழுதவேண்டும். பெயர் வருவதற்கு முன்பே மதுரையில் காரியம் நடந்துவிட்டது!

2017-ல் அந்த ஆஸ்பத்திரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலுக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்தப் பாடம் கண் வைத்தியத்துக்கு மட்டுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலிக்கிறது. "நாளைக்குப் போறேன்" என்று சொல்கிறார். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று நினைக்கிறார். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். உள்ளுக்குள் பயம்! காலையில் மட்டும் சீட்டுக் கொடுக்கும் ஆஸ்பத்திரியால் இவருக்கு என்ன பயன்? 2023-ல் தமிழக அரசு திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்களுக்கு மாலை நேரமும் வைத்தது நல்ல காரியம்.

ஒன்று கவனிக்க வேண்டும். அதிகாரிகள் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கட்டங்களை நிரப்பினால், அதில் இருப்பது அவர்கள் மனம்தான். அந்தப் பெண்ணின் மனம் அல்ல. கவுண்டருக்கு வந்து நிற்பவரைக் கேட்பது சுலபம். அவர்தான் வந்துவிட்டாரே! வராதவர் வேறு இடத்தில் இருக்கிறார். ஷிப்டு விடும் நேரத்தில் தொழிற்பேட்டை பஸ் நிறுத்தத்திலும், ஆவடி ரெயில் நிலையத்திலும் போய் நின்றால் அவரைப் பார்க்கலாம்.