எண்ணின் எல்லை

சிறப்புப் பாயிரம் உணர்த்தும் எட்டனுள் எல்லையையும் ஒன்றாக வைத்தனர் நன்னூலார். எவ்வளவு பரப்பில் வழங்குவது என்பதை அறியாது ஒரு நூலினுட் புகுதல் தகாது என்பது அவர் கருத்துப் போலும். இக்காலத்தில் கணிப்பொறியின்கண் தரவுத்தளம் அமைப்பார்க்கும் இவ்விதி பெரிதும் பொருந்துவதாம். அங்கு வழங்கும் ஒவ்வோர் எண்வகைக்கும் கீழெல்லை ஒன்றும் மேலெல்லை ஒன்றும் உள. அவற்றை ஆராய்ந்தறியாது அட்டவணை வகுத்தல் பெரும் பிழை என்பதும், எல்லை கடந்து வரும் எண்ணைப் பொறியானது வெளிப்படையாக மறுத்தலே நன்று என்பதும் எம் துணிபு.

எல்லை எங்ஙனம் உண்டாகின்றது? கணிப்பொறி எவ்வெண்ணையும் 0, 1 என்னும் இரு குறிகளாலேயே எழுதும். ஒரு குறி நிற்கும் இடம் பிட் எனப்படும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 256 வேறுபாடுகளே அமைதல் கூடும். பூஜ்யத்திற்குக் கீழ்ப்பட்ட எண்கள் வேண்டாவெனின் 0 முதல் 255 வரை அதில் அடங்கும். வேண்டுமெனின் -128 முதல் 127 வரை அடங்கும். கீழ்ப்புறத்தில் ஒன்று மிகுந்திருத்தல் ஏனெனின், மேற்புறத்து இடங்களுள் ஒன்றைப் பூஜ்யம் கொண்டமையான் என்க. இவ்வாறே இரண்டு பைட்டின் மேலெல்லை 32,767. நான்கு பைட்டினது 2,14,74,83,647. எட்டுப் பைட்டினது 92,23,37,20,36,85,47,75,807. இவற்றை நெட்டுருச் செய்ய வேண்டுவதின்று. பிட்டுகளின் தொகையில் ஒன்று குறைத்து, அத்தனை இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்குக. வந்த தொகையில் ஒன்று கழிப்பின் மேலெல்லையும், அத்தொகைக்கே கழித்தற் குறியிடின் கீழெல்லையும் கிடைக்கும்.

இத்துணை எளிதாயின் ஆராய வேண்டுவது என்னையெனின், பெயர் ஒன்றாயிருந்தும் எல்லை வேறுபடுதலான் என்க. டைனிஇன்ட் என்னும் வகை மைஎஸ்க்யூஎல்லில் -128 முதல் 127 வரை கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வரிலோ 0 முதல் 255 வரை கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் அப்பெயருடைய வகையே இல்லை. ஆதலின் ஒன்றிற் பயின்றார் மற்றொன்றிற் புகுங்கால் அதன் கையேட்டைத் திறந்து நோக்குதல் கடனாகும். மற்றொரு நுட்பமும் உண்டு. பின்னங்களுக்கென அமைந்த இரட்டைத் துல்லிய வகை 309 இலக்கங்கொண்ட எண்ணையும் ஏற்கும். ஆயினும் முழு எண்களுள் ஒன்றையும் விடாது ஏற்பது 9,00,71,99,25,47,40,992 வரையில்தான். அதற்கப்பால் இரட்டை எண்கள் நிற்க, ஒற்றை எண்கள் ஒழிந்துவிடும். ஆகவே ஏற்கத்தக்க எல்லை ஒன்று, பிழையின்றி ஏற்கத்தக்க எல்லை மற்றொன்று. இரண்டையும் கேட்டறிதல் வேண்டும்.

எல்லை அறியாமையால் விளையுந் தீங்கு யாது? நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கமுடையன; 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுள் ஒன்றில் தொடங்குவன. அவற்றை மைஎஸ்க்யூஎல்லின் நான்கு பைட் முழு எண் வகையில் ஒருவர் பதியத் தொடங்கினார் என்க. ஒன்றேனும் அதில் அடங்காது. 2015-இல் வெளிவந்த 5.7-ஆம் பதிப்பு முதல் அத்தளம் இத்தகைய எண்ணைத் தானாகவே மறுத்துவிடுகின்றது. அதற்கு முற்பட்ட பதிப்புகளிலும், இன்றும் அக்கண்டிப்பை நீக்கி வைத்துள்ள இடங்களிலும், ஓர் எச்சரிக்கைக் குறிப்போடு ஒழிந்து, மேலெல்லையாகிய 2147483647-ஐயே எழுதிக்கொள்ளும். எழுதுவோர் அக்குறிப்பை நோக்காராயின், ஆயிரம் பேரின் எண்ணும் ஒரே எண்ணாய் நிற்கும். அது மருத்துவமனையின் பதிவேடாயின், நள்ளிரவில் நோயாளியின் உறவினரை அழைப்பது எங்ஙனம்? வெற்றிடமாயிருப்பின் இல்லையென்றேனும் அறியலாம். பொய்யெண்ணோ உண்மையெண் போலவே தோன்றி ஏமாற்றும். மறுத்த பொறி நம்மைச் சிறிது நேரம் தடுக்கும். மாற்றி எழுதிய பொறி என்றைக்கும் வஞ்சிக்கும்.

மறுத்தல் மட்டும் போதுமோ எனின், போதாது என்பதற்கும் சான்று உண்டு. அது தரவுத்தளத்திற்குப் புறம்பானதாயினும் எண்வகையின் எல்லை பற்றியதே. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பிரெஞ்சு கயானாவினின்று ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டு, ஒரு நிமிஷம் கழியுமுன்னரே சிதறி வீழ்ந்தது. அதன் வழிகாட்டுங் கருவி 64 பிட் எண்ணொன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றப் புக, அவ்வெண் எல்லை கடந்து நின்றது. அக்கட்டளை மெதுவாய்ச் சென்ற ஏரியன் 4-க்கென எழுதப்பட்டது. ஏழு அளவுகளுள் நான்கிற்குக் காப்பிட்டு, எஞ்சிய மூன்றும் எல்லை கடவா என்று விடுத்திருந்தனர். பொறி தன் கடமைப்படி மறுத்தது. மறுத்தபின் கருவி தன் இயக்கத்தை நிறுத்திவிடுக என்பதே வகுத்திருந்த விதி. பழைய ஊர்திக்கு அமைந்த எல்லை புதியதற்கும் அமையுமென்ற நம்பிக்கையே கேட்டிற்குக் காரணமாயிற்று.

"எல்லாவற்றிற்கும் எட்டுப் பைட்டே அளித்துவிட்டால் கவலை ஒழியுமன்றோ?" என்பர் சிலர். வளருந் தொகைகளுக்கு அஃது ஏற்றதே. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கங்னம் ஸ்டைல் என்னும் பாடற்படத்தைக் கண்டோர் கணக்கு நான்கு பைட்டின் எல்லையைக் கடந்தமை கூறி, யூடியூபார் தம் எண்ணியை எட்டுப் பைட்டிற்கு மாற்றியது யாவரும் அறிந்தது. ஆயினும் பெருமதில் எழுப்பியதனால் வீட்டிற்குக் கதவு வேண்டாவென்று ஆகாது. தேர்வு மதிப்பெண் 0 முதல் 100 வரையுள்ளது. அதனை எட்டுப் பைட்டில் இட்டால் 780 என்று தவறாக எழுதுவதையும் அது வரவேற்கும். பொறியின் எல்லை வேறு, பொருளின் எல்லை வேறு. பின்னதைச் செக் என்னும் நிபந்தனையால் அட்டவணையிலேயே விதித்தல் வேண்டும். மேலும், கூட்டலும் கழித்தலும் பெறாத கைப்பேசி எண் உண்மையில் அளவே அன்று. அதனை எழுத்தாகப் பதிதலே முறை.

ஆகவே அட்டவணை வகுக்கும் மாணவர் ஒவ்வொரு பத்திக்கும் மூன்று வினாக்களை எழுப்புவாராக: இவ்வகை கொள்ளும் எல்லைகள் எவை? இப்பொருள் வேண்டும் எல்லைகள் எவை? எல்லை கடந்தது வருமாயின் மறுப்பவர் யார், அம்மறுப்பைக் கேட்பவர் யார்? விடைகளை அட்டவணையின் அருகிலேயே எழுதி வைப்பாராயின், பின்வருவோர் அதனைப் பாயிரமாகக் கொண்டு உட்புகுவர். அங்குப் பதியப்படும் ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு மனிதர் உளர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.