சுழல் துடைப்பமும் அதன் பராமரிப்பும்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர், தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற ஊர். அம்மூவருள் நாவுக்கரசர், உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய தொண்டர். ஆகவே துப்புரவுக் கருவிக்கும் அதைத் தாங்கும் கைக்கும் மதிப்பளிப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. இந்நாளில் அக்கருவி டிராக்டரின் பின்னே இழுபட்டு வருகின்றது. அதன் உயிர்நிலை, தொழிலாளர் 'பிரஷ்' என்றழைக்கும் சுழல் துடைப்பமாகும்.

இதன் தேவையை எளிதிற் காணலாம். தூசி படிந்த தளத்தின்மீது ஊற்றிய தார் பற்றாது. சாலை விரைவில் பெயர்ந்து குழியாகும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் வெள்ளம் விழுப்புரம் மாவட்டத்தில் பல சாலைகளை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்தபின் சாலையில் தங்கும் வண்டலும் மணலும் இரு சக்கர வண்டிகளைச் சறுக்கிவிடும் என்பதை நாம் அறிவோம்.

துடைப்பத்தைக் கழற்றுமுன் உயிர்க்காப்பை எண்ணுவோம். சிறு வண்டிகளில் சக்கரமே துடைப்பத்தைச் சுழற்றும். வேறு சிலவற்றை டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு சுழற்றும். அத்தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்று. அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டியின் முனை சிக்கினால் கூவி அழைக்கவும் நேரமிராது. எனவே சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்து, தண்டின் இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே நுழையலாகாது; சட்டத்தைத் திடமான தாங்கிகளின்மீது இருத்துதல் வேண்டும்.

பின்னர் மூடியைத் திறந்து, செயினைத் தளர்த்தி எடுக்க வேண்டும். பேரிங் கூடுகள் இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, இருபுறமும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். உருளை கனமானது, இருவர் தாங்கி இறக்குவதே முறை.

இறக்கியபின் தண்டில் சுற்றிய கயிறு, கம்பி, பிளாஸ்டிக் ஆகியவற்றை அறுத்தெடுக்கவும். பேரிங்கைக் கையால் சுழற்றிப் பார்க்கவும். கரகரத்தாலோ ஆடினாலோ மாற்றிவிடுவதே சிக்கனம். நலமாயிருந்தால் புதிய கிரீஸ் இடலாம். வளையங்களாய்க் கோத்த துடைப்பமாயின், ஓரத் தகட்டைக் கழற்றித் தேய்ந்தவற்றை உருவிப் புதியன கோக்கலாம். புதியனவும் பழையனவும் கலந்தால் உயரம் ஒவ்வாது; அனைத்தையும் ஒருசேர மாற்றுவதே நன்று.

மீண்டும் பொருத்தியபின் ஓர் எளிய சோதனை உண்டு. என்ஜினால் சுழலும் துடைப்பமாயின், தூசியுள்ள சமதரையில் வண்டியை நிறுத்தி, ஆட்கள் விலகிய பின், சில நொடிகள் நின்ற இடத்திலேயே சுழலவிட்டு உயர்த்துக. தரையில் துடைத்த தடம் ஒரே அகலமாய் இருப்பின் சரி. ஒருபுறம் அகன்று மறுபுறம் குறுகினால் உயரம் ஒக்கவில்லை எனக் கொள்க. தடம் மிக அகன்றால் துடைப்பம் அளவுக்கு மீறித் தரையில் அழுந்துகின்றது. அது குப்பையை வாராது, தன் மயிரையே தேய்த்துக்கொள்ளும். வேலை முடிந்தபின் துடைப்பத்தைத் தரையில் ஊன்றி நிறுத்தலாகாது. மயிர் வளைந்து அப்படியே நின்றுவிடும்.

இறுதியாக ஒன்று. பெருக்குமுன் நீர் தெளியுங்கள். மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடுங்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும்; அத்தழும்பை ஆற்ற மருந்தில்லை. துடைப்பத்திற்கு மாற்று வளையம் கடையில் கிடைக்கும். அதைச் செலுத்தும் குடும்பத் தலைவனின் மூச்சுக்கு மாற்று எங்கும் கிடையாது.